இடுக்கி பிடிக்கிற இடம்

மாசிலாமணிக்கு வாய் கொஞ்சம் அதிகம். மடத்தில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, "இந்தக் கொசு எங்க இருந்துதான் வருதோ" என்று ஆரம்பிப்பது அவராகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூண் ஓரமாக வந்து உட்கார்ந்தார். எல்லோரும் கிளம்பிப் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியென்றால் விஷயம் சின்னதாக இருக்குமா?

பிறகு எழுந்து பின்பக்கம் போனார். அங்கே உலகம்மை கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

குரு என்றால் தாடி வேண்டும், புலித்தோல் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு யாராவது இந்த மடத்துக்கு வந்தால் ஏமாந்துதான் போவார்கள். உலகம்மைக்கு மாசிலாமணியைவிட வயது குறைவு. நூல் சேலை, சேற்றுக் கால், கையில் மண்வெட்டி. பழைய குரு பெரியசாமி கண்ணை மூடுவதற்கு முன்னால், "இனிமே எதுனாலும் உலகம்மைகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கேட்கிறார்கள். மாசிலாமணி அவரை அம்மா என்பார். அவர் மாசிலாமணியை அண்ணாச்சி என்பார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கொசு கடிக்கலையா?"

"அம்மா, எனக்கு ஒரு மந்திரம் வேணும்."

"எதுக்கு?"

"கை நடுங்காம இருக்க."

மாசிலாமணியின் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மேற்கே பன்றி அறுக்கிற கூடம் ஒன்று இருக்கிறது. கத்தி வைக்கிற ஆள் வேறு. கத்தி வைப்பதற்கு முன்னால் மிருகத்துக்கு நினைவு தப்ப வைக்கிற ஆள் மாசிலாமணி. அதற்கென்று ஒரு கரண்ட் இடுக்கி உண்டு. நீளக் கைப்பிடி, இரண்டு பக்கமும் இரும்புப் பல். இத்தனை வருஷமாக அவர் பிடித்த இடுக்கி தவறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

"இதுக்கு முன்னாடி நடுங்குமா?"

"ஒரு நாளும் இல்ல. இப்ப கொஞ்ச நாளாத்தான்."

"என்ன மாறிச்சு?"

"பிடிக்கிற இடம் மாறிப்போச்சும்மா."

"காட்டுங்க."

மாசிலாமணி தயங்கினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் உலகம்மையின் தலைக்கு இரு பக்கமும், தொடாமல், கொண்டுபோய் நிறுத்தினார்.

"முன்னாடி இங்க. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல. அப்பதான் கரண்டு மூளைக்குள்ள பாயும். அந்த நிமிஷமே அதுக்கு நினைவு போயிரும். அதுக்கப்புறம் காலு கிடந்து உதைக்கும், பாக்கதுக்குக் கோரமாத்தான் இருக்கும். ஆனா உதைக்கது அதுக்கே தெரியாது."

"இப்ப?"

அவருடைய கைகள் மெல்லக் கீழே இறங்கிக் கழுத்துக்கு நேராக நின்றன.

"இங்க."

"இங்க பிடிச்சா?"

"விறைச்சுப் போயிரும். உதைக்காது, கத்தாது. பாக்கதுக்கு நிம்மதியாத் தூங்குத மாதிரியே கிடக்கும்."

"பெறகு என்ன?"

"இடுக்கிய எடுத்துட்டு விரலால கண்ணைத் தொட்டுப் பாக்கணும். அதுதான் சோதனை. நினைவு போயிருந்தா இமை அசையாது. இது மூடுதும்மா. உள்ள முழுசா இருக்கும்மா அது. எல்லாம் தெரியும். கத்த முடியல, அவ்வளவுதான். அப்படியேதான் கத்தி விழுது."

கைகளைக் கீழே போட்டுவிட்டார். பாத்தியில் தண்ணீர் நிறைந்து வரப்பைத் தாண்டியது.

இடம் ஏன் மாறியது? அந்தக் கொடுமையையும் கேளுங்கள். கூடத்துக்குப் பக்கத்திலேயே நெல்லைநாயகம் என்கிற உள்ளூர்ப் பணக்காரர் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். கூடம் முன்பே அங்கே இருந்தது. மண்டபம் பிறகுதான் வந்தது. முகூர்த்தம் விடியற்காலை, அறுப்பும் விடியற்காலை. தலையில் இடுக்கி பிடிக்க வேண்டுமானால் பன்றிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கத்தும். பன்றி கத்தினால் சும்மா கத்துமா? ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி ஏறுகிற நேரத்தில், கெட்டிமேளத்தையும் மீறி ஓர் அலறல். அது வீடியோவிலும் ஏறிவிட்டது. பெண் வீட்டார் நெல்லைநாயகத்தைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள்.

அவர் போய்க் கூடத்து முதலாளியிடம் பேசினார். முதலாளி புது மேனேஜரைப் போட்டார். புது மேனேஜர் புது வழி கண்டுபிடித்தான். கரண்டைக் குறை, கூட்டமாக நிற்கும்போதே பின்னால் போய்க் கழுத்தில் பிடி. சத்தம் நின்றது. பன்றிகள் துள்ளி எலும்பு முறிந்து கறி கெடுவதும் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். மேனேஜர் விவரம் தெரியாதவன் என்று நினைக்காதீர்கள், எல்லாம் தெரிந்தவன்தான். மாசிலாமணி போய்ச் சொன்னபோது, "கேக்காத சத்தத்துக்கு யாரு வந்து புகார் குடுக்கப் போறா?" என்று சிரித்தானாம்.

இதே நெல்லைநாயகம்தான் மடத்துக் குருபூஜைக்கு வருஷா வருஷம் அரிசி கொடுக்கிறவர். அதை மாசிலாமணி சொல்லவில்லை. உலகம்மைக்குத் தெரியாததா என்ன.

"தலையிலதான் பிடிப்பேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போன்னுருவான். மக பிரசவத்துக்கு வந்திருக்கா. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

"அப்ப கழுத்துலதான் பிடிக்கீங்க."

"பிடிக்கேன். பிடிச்சுட்டு அந்தக் கண்ணைப் பாக்காம இருந்துரலாம்னு பாக்கேன், முடியல. கை கிடந்து நடுங்குது. எனக்கு உள்ள எதுவும் தெரியக் கூடாதும்மா. அப்படியே மரத்துப் போகணும். அதுக்கு ஒரு மந்திரம் சொல்லுங்க."

உலகம்மை மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலைக் கழுவினார்.

"நாளன்னைக்குக் குருபூஜை. முதல் அகப்பை நீங்க பிடிங்க."

"மந்திரம் கேட்டா சோறு போடச் சொல்லுதீங்களே!"

"கேட்டதைத்தான் தாரேன் அண்ணாச்சி."

முதல் அகப்பை என்பது அந்த மடத்து வழக்கம். குருபூஜை அன்று முதல் இலையிலிருந்து சோறு பரிமாறுகிறவர் ஒருவர்தான். விடிந்ததிலிருந்து கடைசி இலை எடுக்கும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் சரி, காலில் கொதிக்கிற சாம்பாரே கொட்டினாலும் சரி. பெரியசாமி ஏற்படுத்தியது, ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அது யாருக்குக் கிடைக்கும் என்று ஆளாளுக்கு ஏங்குவார்கள்.

மறுநாள் செய்தி சமையல்கட்டுக்குப் போனதும் பால்வண்ணம் குதித்தார். மடத்துச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு.

"அம்மா, இது நல்லா இருக்கா? அறுப்புக்கூடத்துக் கையாலயா குருபூஜைச் சோறு?"

"உங்க கை மட்டும் என்ன, பூப்பறிச்ச கையா?" என்றார் உலகம்மை. "காலையில கீரை ஆய்ஞ்சீங்களே, அதுல இருந்த புழுவை எங்க போட்டீங்க?"

"அடுப்புல."

"உசுரோடயா?"

பால்வண்ணம் கீரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குருபூஜை வந்தது. விடிந்ததிலிருந்து மாசிலாமணி படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே! யாரோ வாழையிலையைத் திருப்பிப் போடுகிறார்கள். சொல்ல முடியவில்லை. யாரோ பாயசத்தைக் கிளறாமல் விட்டு அடி பிடிக்கிறது. சொல்ல முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையாலேயே ஜாடை காட்டிக்கொண்டு திரிந்தார். பிள்ளைகள் அவர் பின்னாலேயே போய்ச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. இதுதான் மந்திரம் என்றால் தேவலையே என்றுகூட நினைத்தார்.

பந்தி உட்கார்ந்தது. முதல் இலை வழக்கம்போல நெல்லைநாயகத்துக்கு. பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அகப்பையோடு வந்து குனிந்த முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு இது? கூடத்துல இடுக்கி பிடிக்கிற ஆளுல்லா நீரு?"

மாசிலாமணி சோற்றை இலையில் வைத்தார்.

"ஏன்வே, உம்மகிட்டதான் கேக்கேன்."

பால்வண்ணம் ஓடி வந்தார். "அவரு பேசக் கூடாதுய்யா. முதல் அகப்பை பிடிச்சிருக்காரு."

"ஓஹோ, இந்த வருஷம் இவரா?"

நெல்லைநாயகம் சாவகாசமாகச் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். பதில் சொல்ல முடியாதவனை வைத்துக்கொண்டு பேசுவதில் சிலருக்கு ஒரு சுகம் இருக்கிறது, பாயசத்தைவிட ருசியான சுகம்.

"அரிசி என்னுது. முதல் இலை என்னுது. போடுதது பன்னி கொல்லுத கை. ரொம்ப நல்லா இருக்குய்யா உங்க மடம்!" என்றார் பந்தி முழுக்கக் கேட்கும்படி. "ஏன்வே, கைய நல்லாக் கழுவிட்டு வந்தீரா? சோத்துல ரத்த வாடை அடிக்கே."

மாசிலாமணி நின்றார்.

"எத்தனை உசுரை எடுத்த கையி இது! உமக்கு இங்க வந்து நிக்க வெக்கமா இல்ல? உம்ம மக பிரசவத்துக்கு வந்திருக்காளாமே, இந்தக் கையாலதான் பேரப்பிள்ளையத் தூக்கப் போறீரா?"

மாசிலாமணிக்கு நெஞ்சுக்குள் எதுவோ அறுந்தது. சொல்லுவதற்கு ஆயிரம் இருந்தது. தொண்டைவரை வந்து அங்கேயே அடைத்துக்கொண்டது. கழுத்து நரம்பு விறைத்துப்போய் நின்றது. அகப்பை பிடித்த கை இம்மிகூட அசையவில்லை. ஓடிவிடலாம் போல் இருந்தது, கால் வரவில்லை.

"என்ன பொறுமை பாத்தியா?" என்று பந்தியில் ஒருத்தர் கிசுகிசுத்தார்.

"அந்த வாய்க்கா இப்படி? பழுத்துட்டாருய்யா."

பால்வண்ணமே கையைக் கூப்பிவிட்டார்.

நெல்லைநாயகம் சோற்றில் குழி பறித்துக்கொண்டே தொடர்ந்தார். "நான் இரக்கமில்லாதவன்னு யாரும் நினைச்சிராதீங்க. கூடத்துல அந்த அலறலை நிப்பாட்டினதே நான்தான். இப்ப ஒரு சத்தம் உண்டா? அதுவும் நிம்மதியாப் போகுது, நாமளும் நிம்மதியா இருக்கோம்."

உலகம்மை தண்ணீர்ச் செம்போடு பந்தியின் கடைசியில் நின்றிருந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு முதல் இலைக்கு வந்தார்.

"அய்யா, இவரு இப்ப நிம்மதியா இருக்காரா?"

"பாத்தாத் தெரியலையா? கல்லு மாதிரில்லா நிக்காரு. சொரணை இருந்தா இவ்வளவு நேரத்துக்கு ஒரு முனகலாவது வந்திருக்குமே."

"பால்வண்ணம், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"ஞானி மாதிரி நிக்காரும்மா."

உலகம்மை சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தார். மாசிலாமணியின் முன்னால் போய் நின்றார். ஆட்காட்டி விரலை மெதுவாக உயர்த்தி, திறந்திருந்த அவருடைய கண்ணை நுனியால் தொட்டார்.

இமை படக்கென்று மூடியது. உள்ளே தேங்கி நின்ற தண்ணீர் உலகம்மையின் விரல் வழியாக ஓடி முழங்கைவரை வந்தது.

அந்த விரலை உலகம்மை நெல்லைநாயகத்துக்குக் காட்டினார்.

"கண்ணு மூடுதே அய்யா."

பந்தியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நெல்லைநாயகத்துக்கு மட்டும் சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. மேனேஜர் அவரிடம் அந்தக் கண் சோதனை உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

"பேசுங்க அண்ணாச்சி."

"அம்மா!" என்று அலறினார் பால்வண்ணம். "கடைசி இலை எடுக்கலையே! பெரியசாமி காலத்துல இருந்து வந்த வழக்கம்!"

"பெரியசாமிகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன். பேசுங்க அண்ணாச்சி."

மாசிலாமணி வாயைத் திறந்தார். எல்லோரும் நெல்லைநாயகத்தைத்தான் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் திரும்பியது உலகம்மையின் பக்கம்.

"நீங்களும் கழுத்துலதானேம்மா பிடிச்சீங்க!"

அகப்பை சோற்றுப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

"என் வாயக் கட்டி நிப்பாட்டிட்டு, அவரு அறுக்கட்டும்னு அந்த ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே! நான் என்னம்மா பாவம் பண்ணினேன்? உங்களை நம்பித்தானே வந்தேன்? என் பிள்ளைய இழுத்துப் பேசுதாரு, ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க? எனக்கு வலிக்காதா? கத்தலைன்னா எனக்கு வலிக்காதாம்மா?"

அந்த மடத்தில் குருவைப் பார்த்து இப்படிக் குரல் உயர்த்தியவர் யாரும் கிடையாது.

உலகம்மை தலையைக் குனியவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"ஆமா, கழுத்துலதான் பிடிச்சேன். நீங்க கேட்ட மந்திரம் அதுதான். இன்னும் வேணுமா?"

மாசிலாமணிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"வேண்டாம்."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு இப்போதுதான் நெல்லைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"அய்யா, நாளைக்கு விடியக்காலம் உங்க மண்டபத்துல முகூர்த்தம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"சத்தம் கேக்கும். ஒவ்வொண்ணா நிறுத்தித் தலையிலதான் பிடிக்கப் போறேன். நாதஸ்வரக்காரரைக் கொஞ்சம் பலமா ஊதச் சொல்லிருங்க."

"என்னவே, கொழுப்பா? ஒரு போன் போட்டா நாளைக்கு உமக்கு வேலை இருக்காது, தெரியும்லா?"

"போடுங்க."

"அவ்வளவு இரக்கம் பொங்குதுன்னா வேலைய விட்டுட்டுப் போக வேண்டியதுதானே!"

"நானா விட மாட்டேன். நான் போயிட்டா உங்களுக்கும் மேனேஜருக்கும் நிம்மதியாப் போயிரும். என்னைத் தள்ளினா அடுத்த ஆளு வருவாம்லா? அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். கண்ணைத் தொட்டுப் பாக்கது எப்படின்னு அவனுக்குச் சொல்லிக் குடுப்பேன். அவனையும் தள்ளினா அதுக்கு அடுத்தவனுக்கும் சொல்லுவேன். அந்த மேனேஜர் எத்தனை பேரை மாத்துவாரு, பாத்துருவோம்!"

நெல்லைநாயகம் உலகம்மையைப் பார்த்தார். "அம்மா, இந்த ஆளை இப்பவே வெளிய அனுப்புங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் ஒரு மணி அரிசி வராது. சொல்லிட்டேன்."

"கத்தரிக்கா நல்லாக் காய்க்குது அய்யா. அவிச்சு இலைக்கு ரெண்டு வச்சுக்கிடுதோம்" என்றார் உலகம்மை. "நீங்க சாப்பிடுங்க, சோறு ஆறுது."

நெல்லைநாயகம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். குருபூஜைப் பந்தியில் முதல் இலை பாதியில் எழுந்து போவது என்றால் சாதாரணமா? வாசலில் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை யாரும் இலையில் கை வைக்கவில்லை.

பிறகு பால்வண்ணம் வந்தார். ஒன்றும் பேசாமல் அந்த இலையை எடுத்துவிட்டு, வேறு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு? போடும்."

மாசிலாமணி அகப்பையை எடுத்தார். இவ்வளவு நேரம் கல்லாக நின்ற கை இப்போது கிடுகிடுவென்று நடுங்கியது. போட்ட சோற்றில் பாதி இலையில் விழுந்தது, பாதி பால்வண்ணத்தின் மடியில் விழுந்தது. பால்வண்ணம் அதையும் எடுத்து இலையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மகளுக்கு என்ன சொல்வது? மேனேஜர் வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? பேசும்போது இருந்த வேகம் வடிந்து, இப்போது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாசிலாமணி தன் கையையே பார்த்தார்.

"அம்மா, நாளைக்கும் இது இப்படித்தானே நடுங்கும்."

உலகம்மை செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குத் தண்ணீர் வைத்தார்.

"நடுங்கட்டும் அண்ணாச்சி. நடுங்குத கையாலயே தலையில பிடிங்க."